ரேடியோவுக்குக் கேட்காத குருவி

ரேடியோ என்று கூப்பிட்டால் அந்தச் சரணாலயத்தில் ஒரே ஓர் ஆள்தான் திரும்பிப் பார்ப்பார். அச்சகத்தில் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். எந்த மரத்தில் எந்தக் குருவி முணுமுணுத்தாலும் அவர் காது பிடித்துவிடும். அதனால் அந்தப் பட்டப்பெயர். வைத்தவர்கள் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவரோ அதைப் பதக்கம் மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தார். அவர் மனைவியை எல்லாரும் அண்ணி என்பார்கள். எல்லாருக்கும் அண்ணி என்றால் நமக்கும் அண்ணிதான், அப்படியே வைத்துக்கொள்வோம்.

சரணாலயம் பக்கத்தில் இல்லை. தார்ச்சாலை முடிந்து, கடைசிப் பெட்டிக்கடை முடிந்து, செல்போனில் கோடு ஒவ்வொன்றாக அணைந்த பிறகும், இடுப்பெலும்பைக் கழற்றிக் கையில் கொடுக்கிற வரைக்கும் வேன் குலுங்கும். அப்புறம்தான் ஏரி. ஏரியைச் சுற்றி நாணல், நாணலுக்கு நடுவில் பலகைப் பாதை, கரையில் தகரக் கூரை போட்ட தொண்டர் விடுதி. உள்ளே மேலும் கீழுமாக இரும்புக் கட்டில்கள், வாசலில் சேறு காய்ந்த ரப்பர் பூட்ஸ் வரிசை, மூலையில் ஓர் அடுப்பு. பறவைகள் வந்து தங்குகிற பருவம் முழுக்க இவர்கள் இரண்டு பேருக்கும் அங்கேதான் குடித்தனம். வாரக் கடைசியில் வேனில் வருகிறவர்களை விடியற்காலையில் பறவை நடைக்குக் கூட்டிப் போவது ரேடியோவின் வேலை. மற்ற நாட்களில் மற்றத் தொண்டர்களோடு சேர்ந்து ஏரியில் பாசி அள்ளுவார்கள், ஆடுகிற பலகைக்கு ஆணி அடிப்பார்கள், முள் வெட்டுவார்கள். சம்பளம் கிடையாது. மதியச் சாப்பாடும் கொசுக்கடியும் இலவசம்.

நடைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்களே, அப்பப்பா! ஒருத்தர் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி சென்ட் அடித்துக்கொண்டு வருவார். பீரங்கி மாதிரி கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்த இன்னொருத்தர், “கழுகு எத்தனை மணிக்கு வரும் சார்?” என்று கேட்பார், என்னவோ கழுகுக்கு ரேடியோ டிக்கெட் போட்டுக் கொடுத்த மாதிரி. ரேடியோ கோபப்பட மாட்டார். எல்லாரையும் பலகைப் பாதையில் நிறுத்தி, “கண்ணை மூடுங்க” என்பார்.

“பாக்கத்தானே சார் வந்தோம்?” என்று யாராவது சிணுங்குவார்கள்.

“கண்ணு பின்னாடி வரும். காதுதான் முன்னாடி போகணும். மூடுங்க.”

மூடுவார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் மெதுவாகச் சொல்ல ஆரம்பிப்பார். வலது பக்கம் நாணலுக்குள்ளே இது, தண்ணிக்கு அந்தப் பக்கம் அது, தலைக்கு மேலே பறந்து போறது இன்னொண்ணு. சென்ட்டுக்காரர்கூட வாயைப் பிளந்து நின்றுவிடுவார்.

அவருக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. புதருக்குள்ளே பிறந்து புதருக்குள்ளேயே சாகிற பறவைகளை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. இருக்கிறதா இல்லையா என்பதைக் குரலை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். விடிகிற நேரத்தில் குறித்த இடத்தில் அசையாமல் நின்று கேட்க வேண்டும். ஒரு பருவம் முழுக்க நின்றும் குரல் வரவில்லை என்றால் அந்தப் பறவை அங்கே இல்லை என்று அர்த்தம். அந்தக் கேட்கிற வேலையை வனத்துறை ரேஞ்சர் முழுசாக ரேடியோவிடம் விட்டிருந்தாள். ரேஞ்சர் இளம் பெண். வாய் கொஞ்சம் நீளம், மனசு நேர். “அண்ணன் இருக்குன்னா இருக்கு, இல்லைன்னா இல்லை” என்பாள். மறுபேச்சு கிடையாது.

அப்படிக் கேட்கிற இடங்களில் ஒன்று ஏரியின் கோடியில் இருந்த முள்காடு. எங்கிருந்தோ வந்து கரையைத் தின்றுகொண்டிருந்த முள். அதை ஒழித்துக் கட்டினால் சேற்று வெளி கிடைக்கும், நீண்டகால் பறவைகள் இறங்கி மேயும் என்று ரேஞ்சருக்கு ரொம்ப நாள் ஆசை. ஆனால் அதைத் தொடாமல் வைத்திருந்ததற்கு ஒரு காரணம் உள்ளே இருந்தது. ஒரு ஜோடிக் குருவி. கட்டைவிரல் அளவு, மண் நிறம், புத்தகத்தில் வாய்க்குள் நுழையாத ஒரு பெயர். அந்த வட்டாரத்திலேயே அது இருந்தது அந்த ஒரு புதரில்தான்.

அதைக் கண்டுபிடித்தது ரேடியோவின் மகள். ஒரே மகள், பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லூரி விடுமுறைக்கு வந்தவள் ஒரு காலையில் பலகைப் பாதையில் நின்று, “அப்பா, துணியில ஊசி இழுக்கற மாதிரி ஒரு சத்தம் வருதே, கேட்டியா?” என்றாள். அவர் கேட்டிருக்கவில்லை. அவள் சொன்ன பிறகுதான் கேட்டது. மெல்லிசாக, கூர்மையாக, இழுத்து இழுத்து. “அடி கழுதை, என் காதையே மிஞ்சிட்டியே” என்று அவளைத் தூக்காத குறையாக விடுதிக்குக் கூட்டி வந்தார். அன்றிலிருந்து எல்லாருக்கும் அந்தக் குருவியின் பெயர் ஊசி.

அப்புறம் பாப்பாவுக்கு ரத்தத்தில் நோய் வந்தது. எத்தனையோ பேருக்கு வந்து போகிற நோய்தான் என்றார்கள். அது போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போயிற்று. பாவி, அவளுக்கு என்ன வயது!

அதற்குப் பிறகு ரேடியோ வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சாப்பிடு என்றால் சாப்பிட்டார், படு என்றால் படுத்தார், பேச்சு மட்டும் இல்லை. அண்ணி தன் துக்கத்தை அடுப்படியில் வைத்துவிட்டு அவருடைய துக்கத்தைத் தூக்கிச் சுமந்தாள். பெண்டாட்டிகளுக்கு அழக்கூட முறை வருவதில்லை. இவரையும் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயம் அவளுக்கு அந்தச் சுவரைப் பார்த்துத்தான் பிடித்தது. அந்தப் பயம் கடைசி வரைக்கும் அவளை விடவில்லை. இந்தக் கதையில் நடந்ததெல்லாம் அந்தப் பயம் செய்த வேலை.

ஒருநாள் ரேஞ்சர் சிக்னல் கிடைக்கிற கடைசிப் பெட்டிக்கடை வரைக்கும் வந்து போன் செய்தாள். “அண்ணே, வேலி மாதிரி முளைச்சு நிக்குது முள்ளு. உள்ள உங்க ஊசி பாடுது. வந்து கேளுங்க.” ரேடியோ போனை வைத்தார். பிறகு எழுந்து, “என் பூட்ஸ் எங்கே?” என்று கேட்டார். அன்றைக்கு அண்ணி குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

அதிலிருந்து தினமும் விடிகிற நேரத்தில் அவர் முதலில் போய் நிற்பது முள்காட்டின் எதிரில்தான். மகள் குருவியாகப் பிறந்துவிட்டாள் என்றெல்லாம் பேத்துகிற ஆள் இல்லை அவர். “அவ இந்த ஏரிக்குக் குடுத்துட்டுப் போனது இது ஒண்ணுதான். அது பாடற வரைக்கும் நான் நிப்பேன்” என்றார், அவ்வளவுதான். அந்த நேரத்தில் அந்த மூலைக்கு வேறு யாரும் போக மாட்டார்கள். ரேஞ்சர்கூட எட்டியிருந்தே திரும்பிவிடுவாள். பெற்றவன் நிற்கிற இடம், நாம் ஏன் குறுக்கே என்று ஒரு மரியாதை. அண்ணி மட்டும் கூட நிற்பாள்.

இப்படியே போயிருக்கலாம். போகவில்லையே.

காதுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வயதாகும்போது அது ஒரேயடியாகப் போவதில்லை. மெல்லிசான, கூர்மையான சத்தங்கள் முதலில் போகும். வாத்து கேட்கும், கொக்கு கேட்கும், பக்கத்தில் இருப்பவர் பேச்சு கேட்கும். அதனால் காது போனவருக்கே காது போனது தெரியாது. அதுவும் இவர் காது வருஷக்கணக்காக அச்சு மெஷின் இரைச்சலில் வெந்த காது. அண்ணிக்கு அது ஒரு கெண்டியால் தெரிந்தது. விடுதியின் கெண்டியில் தண்ணீர் கொதித்தால் மூக்கு வழியாகக் கீச்சென்று விசில் அடிக்கும். அவள் வாளியோடு வெளியே போயிருந்தாள். திரும்பி வந்தபோது கெண்டி காட்டுக் கத்தலாகக் கத்திக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து ரேடியோ சாவகாசமாகப் பைனாகுலரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, கெண்டி!”

“கொதிச்சுடுச்சா? அதுக்குள்ளயா?” என்று நிமிர்ந்தார்.

அவள் கெண்டியை இறக்கி வைத்தாள். இரண்டு நாள் கழித்து, காது டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு வரலாமே என்று இழுத்தாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “ரேடியோவுக்கு ரிப்பேரா? வெளியில சொல்லிடாதே, நாளைக்கு நடைக்கு ஒருத்தன் வர மாட்டான்.” அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அண்ணி என்ன செய்தாள் தெரியுமா? நடைகளில் அவருக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். இத்தனை வருஷம் அவர் கூடவே நின்று அவளுக்கும் எல்லாக் குரலும் அத்துப்படி, ஆனால் காட்டிக்கொண்டதில்லை. அவருக்குத் தவறிப்போகிற குரல் வந்தால் போதும், ஒன்றும் தெரியாத மண்ணு மாதிரி, “என்னங்க, அந்தக் கிளையில ஏதோ அசையுதே, இலையா?” என்பாள். அவர் திரும்பிப் பார்த்து, “இலையா? அடி போடி! அது…” என்று பெயரைச் சொல்வார். கூட்டம் சிரிக்கும். “என்கூட இருந்து இருந்து இவளுக்குக் கண்ணாவது வந்துச்சு. காதுதான் வர மாட்டேங்குது. இவளுக்குச் சில்வண்டும் குருவியும் ஒண்ணு” என்று அவர் சொல்ல, கூட்டம் இன்னும் சிரிக்கும். அண்ணியும் சேர்ந்து சிரிப்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அதைச் சிரித்துக்கொண்டே செய்தாள்.

ஆனால் ஊசி கிளையில் வந்து உட்காராதே. அது முள்ளுக்குள்ளே இருக்கிறது. அதை எந்த விரலால் காட்டுவது?

அந்தப் பருவத்தின் ஆரம்பத்தில் ஒரு காலை. பனி இன்னும் தண்ணீரை விட்டு எழுந்திருக்கவில்லை. ரேடியோ முள்காட்டின் எதிரில் கண்ணை மூடி நின்றார். அண்ணி பக்கத்தில். ஊசி பாடியது. எதிர்ப் புதரிலிருந்து, பத்தடி தூரம்கூட இருக்காது, தெளிவாக, இழுத்து, ஒருமுறை, மறுமுறை. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். எப்போதும் அந்தக் குரல் வந்ததும் அவர் உதட்டோரம் ஒரு சின்ன அசைவு வரும். வரவில்லை.

அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாளும். பல நாள் அப்படி நின்றார். ஊசி பாடிக்கொண்டே இருந்தது. அவர் முகம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் காலை கண்ணைத் திறந்து, “போயிடுச்சும்மா” என்றார்.

அண்ணி புதரைப் பார்த்தாள்.

“போயிடுச்சு. அவ குடுத்துட்டுப் போனதும் போயிடுச்சு” என்று சொல்லி, பலகைப் பாதையிலேயே உட்கார்ந்து, துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதார். தகப்பன் அழுகிற அழுகை, பார்க்க முடியாது. அவர் தலைக்கு நேர் எதிரே புதருக்குள் ஊசி பாடிக்கொண்டிருந்தது.

சொல்லித் தொலைத்திருக்கலாம். ‘பாடுதுங்க, உங்களுக்குத்தான் கேக்கலை.’ மூன்றே வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவளுக்கு அந்தச் சுவர் ஞாபகம் வந்தது. குருவி போய்விட்டது என்றால் அழுது ஆறுவார். காது போய்விட்டது என்றால் நடை போச்சு, ஏரி போச்சு, ரேடியோ என்ற பெயரும் போச்சு. மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் இந்த முறை யார் போன் செய்து எழுப்புவது? இப்படிக் கணக்குப் போட்டு அவள் வாயை மூடிக்கொண்டு அவர் முதுகைத் தடவினாள். நல்லெண்ணத்தில்தான் மூடினாள். நல்லெண்ணத்தில் செய்கிற தப்பைத்தான் யாராலும் தடுக்க முடிவதில்லை, போங்கள்.

அவள் நினைத்தபடியே அவர் ஆறினார் என்றுதான் தோன்றியது. நடைகளுக்குப் போனார், ஆணி அடித்தார், சிரிக்கக்கூடச் சிரித்தார். முள்காட்டின் எதிரில் நிற்பது மட்டும் குறைந்துபோயிற்று. அவர் போகாத நாட்களில் அண்ணி தனியாகப் போய் நின்றாள். மகள் கண்டுபிடித்த குருவி பாடுவதை ஒரு திருடி மாதிரி கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

கூடு கட்டுகிற பருவம் முடிந்தது. அதற்குப் பிறகுதான் எங்கேயும் முள் வெட்டுவார்கள். ரேஞ்சர் ஒரு மத்தியானம் விடுதிக்கு வந்து ரேடியோ எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

“அண்ணே, கேக்கவே கஷ்டமா இருக்கு. புதர் வெட்டற மெஷின் இந்த மாசம் நம்ம பக்கம் வருது. விட்டா அடுத்து எப்ப வருமோ. அந்தக் கோடியில ஊசி இல்லைன்னு நீங்க உறுதியாச் சொன்னாத்தான் கை வைப்பேன்.”

ரேடியோ தன் உள்ளங்கையைப் பார்த்தார். “பருவம் முழுக்க நின்னு பாத்துட்டேன். இல்லை. வெறும் முள்ளைக் கட்டிக்கிட்டு அழறதுல என்ன இருக்கு? வெட்டுங்க. நானும் வரேன்.”

அண்ணி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். ரேஞ்சர் எழுந்து போனதும் பின்னாலேயே ஓடினாள். “அடுத்த வருஷம் வெட்டிக்கலாமேம்மா. அவசரம் என்ன?”

“ஏன் அண்ணி?”

“எனக்கு… எனக்கு என்னவோ கேட்ட மாதிரி இருந்துச்சு.”

ரேஞ்சர் நின்றாள். கிண்டல் செய்யவில்லை. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி விடுதிக்குள்ளே வந்து, “அண்ணே, அண்ணிக்கு ஏதோ கேட்டுச்சாமே?” என்று கேட்டாள்.

ரேடியோ முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது. பிறகு அவரே அதை அணைத்துக்கொண்டார். “அவளா? அவளுக்குச் சில்வண்டும் குருவியும் ஒண்ணு. என் மனசு கேக்காதேன்னு அவ சொல்றா.” மனைவியைப் பார்த்து அன்பாகவே சிரித்தார். “விடும்மா. போனது போனதுதான்.”

ரேஞ்சர் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நமக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். “ஆமாம்மா, வண்டாத்தான் இருக்கும்” என்றாள். இவ்வளவு நாள் மண்ணு வேஷம் கட்டியவள், கலைக்கத் தெரியாமல் அந்த வேஷத்திலேயே மாட்டிக்கொண்டாள்.

மெஷின் வந்தது. மெஷின்காரர் காதில் பெரிய மூடி மாட்டிக்கொண்டு புதரின் ஒரு பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். தொண்டர்கள் கையுறை போட்டுக்கொண்டு, விழுகிற முள்ளை இழுத்துக் குவித்தார்கள். ரேடியோ கையுறைகூடப் போடாமல் எல்லாருக்கும் முன்னால் நின்று இழுத்தார். கையெல்லாம் கீறி ரத்தம். அண்ணியும் இழுத்தாள். இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. கேட்காதவரைக்கும் நல்லது, பறந்து போயிருக்கும், இந்நேரம் எங்காவது பத்திரமாகப் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இழுத்தாள். பாதிக்கு மேல் புதர் போய்விட்டது. வெயில் அதுவரை படாத மண்ணில் வெயில் பட்டது.

தேநீர் வந்தது. மெஷின் நின்றது. காது விண் என்று இருந்து, மெல்ல மெல்லத் தெளிந்தது. ரேடியோ வெட்டிய கட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து டம்ளரை ஊதிக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த புதருக்குள்ளிருந்து ஊசி கத்தியது. பாட்டு இல்லை, பதறல். விடாமல், மூச்சு விடாமல், ஊசியை வெடுக்கென்று பிடுங்கிப் பிடுங்கிக் குத்துகிற மாதிரி. ரேடியோ தேநீரை உறிஞ்சினார்.

மெஷின்காரர் எழுந்து மெஷினைக் கிளப்பக் கயிற்றைப் பிடித்தார்.

“ஐயோ, நிறுத்துங்க!” அண்ணி டம்ளரைப் போட்டுவிட்டு ஓடிப் புதருக்கும் மெஷினுக்கும் நடுவில் போய் நின்றாள். “நிறுத்துங்க. உள்ள ஊசி இருக்கு.”

“ஏம்மா, மறுபடியுமா?” என்று ரேடியோ சிரித்தபடி எழுந்தார். “வண்டும்மா அது.”

“வண்டு இல்லைங்க. ஊசி. இப்பவும் கத்துது. உங்களுக்குக் கேக்கலை.” அவள் அவர் பக்கம் திரும்பினாள். “ரொம்ப நாளா உங்களுக்குக் கேக்கலைங்க.”

ரேஞ்சர் கண்ணை மூடினாள். மூடிய கண்ணோடு, மெல்ல, வேண்டாவெறுப்பாகச் சொன்னாள்: “ஆமா அண்ணே. இருக்கு.”

ரேடியோ அடுத்த தொண்டர் முகத்தைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்தவரைப் பார்த்தார். அவரும் குனிந்தார். மெஷின்காரர் காதிலிருந்த மூடியைக் கழற்றிவிட்டு, “கேக்குது சார்” என்றார் பாவம், யாரும் அவரை விசாரிக்காமலேயே. ரேடியோ புதர் பக்கம் திரும்பி, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, கண்ணை இறுக்கி மூடி நின்றார். அவர் நடைக்கு வருகிற எல்லாரையும் நிற்கச் சொல்கிற அதே மாதிரி நின்றார். நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் ரேஞ்சர்தான் போய் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். மிச்சப் புதரை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் கலைந்தார்கள்.

விடுதிக்கு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். அண்ணி தரையில் உட்கார்ந்து அவர் கையில் ஏறியிருந்த முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தாள். காது போனதற்குத்தான் உடைந்துபோவார் என்று அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் காதைப் பற்றிப் பேசவே இல்லை.

“நான் போயிடுச்சுன்னு சொன்னேனே அன்னிக்கு. அப்பவும் பாடிச்சா?”

“பாடிச்சுங்க.”

“நான் அங்க உக்காந்து அழுதப்ப?”

அவள் முள்ளை விட்டுவிட்டு முகத்தை அவர் முழங்காலில் வைத்துக்கொண்டாள். “பாடிச்சு.”

“நீ கேட்டுக்கிட்டே நின்னே.”

“பயந்துட்டேங்க. மறுபடியும் சுவத்தைப் பாத்து உக்காந்துடுவீங்களோன்னு…”

“செவிடன்னு சொல்லியிருந்தா செவிடனா இருந்திருப்பேனே” என்றார். குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். “எனக்குக் கேக்கணும்னு என்ன இருக்கு? நீ கேட்டு, பாடுதுங்கன்னு சொல்லியிருந்தா போதுமே. எம் பொண்ணை ரெண்டாவது தடவையும் நான் தூக்கிப் போட்டேன். நீ பக்கத்துல நின்னு பாத்தே. வெட்டுங்கன்னு என் வாயால சொன்னேன். அப்பவும் நீ பாத்தே.”

“என்னை அடிச்சுடுங்க” என்றாள்.

அவர் அடிக்கிற மனிதர் இல்லை. கையை அவள் தலையில் வைக்கவும் இல்லை. எடுத்துக் கட்டில் சட்டத்தின் மேல் வைத்துக்கொண்டார்.

மறுநாள் விடிவதற்கு முன்னாலேயே அவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அண்ணி செருப்புக்கூடப் போடாமல் பின்னால் ஓடினாள். முள்காடு இருந்த இடத்தில் பாதிக்கு வெறும் மண், வெட்டிய அடிக்கட்டைகள், அந்தப் பக்கம் கொஞ்சம் புதர். ரேடியோ தன் வழக்கமான இடத்தில் நின்றார்.

“கேளு. கேட்டுச் சொல்லு.”

அவள் தன் உயிரையெல்லாம் காதில் கொண்டுவந்து வைத்துக் கேட்டாள். தண்ணீர் பக்கம் வாத்து. நாணலில் வேறென்னவோ சின்னக் குருவிகள். தூரத்தில் பம்ப்செட். ஊசி இல்லை. வெயில் ஏறுகிற வரைக்கும் நின்றாள். இல்லை.

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அவருக்கு எப்படியும் கேட்காது. பாடுதுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த முகம் மலர்ந்துவிடும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் இனி இந்த மனிதனிடம் ஒரு பொய்கூடச் சொல்வதில்லை என்று விடிய விடிய அவள் நெஞ்சில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள். “இல்லைங்க” என்றாள். “இன்னிக்குப் பாடலை.”

அவர் தலையை ஆட்டினார். மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும். ரேஞ்சர் ஒருநாள் தானே வந்து நின்று கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அவ்வளவு வெட்டிய பிறகு எந்தக் குருவி இருக்கும்? எங்கே போயிற்றோ, போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, யாருக்குத் தெரியும். நடைகளை ரேடியோ விட்டுவிட்டார். வேனில் வந்தவர்கள் கேட்டால், உடம்பு சரியில்லை என்று ரேஞ்சர் சொல்லி அனுப்பினாள். சுவரைப் பார்த்து அவர் உட்காரவில்லை. அண்ணி பயந்தது நடக்கவே இல்லை. காலையில் எழுந்து போய் அந்த வெறும் மண்ணின் எதிரில் நின்றார்.

பறவைகள் தங்குகிற பருவமும் முடிந்து ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள் வந்தது. வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவர் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைப் புதர் பக்கம் நீட்டி நின்றார். ரொம்ப நாளாகக் காணாமல் போயிருந்த அந்த அசைவு அவர் உதட்டோரம் இருந்தது.

“இன்னிக்கு நல்லாப் பாடுது, இல்ல?” என்றார்.

அண்ணி புதர் பக்கம் திரும்பினாள். இன்னொரு முறை காதைத் தீட்டிக் கேட்டாள். காற்றுகூட இல்லை. “இல்லைங்க” என்றாள். “பாடலைங்க. பாப்பா மேல சத்தியமாப் பாடலை.”

அவர் கண்ணைத் திறக்கவில்லை. கோபமும் இல்லை.

“அன்னிக்கு அது பாடினப்பவும் நீ இப்படித்தான் நின்னே” என்றார்.